ஓஜூர்துய் என்ற சொல்லும் ஓர் ஊசி முனையும்

என் உத்தியோக வாழ்க்கையில் நான் இரண்டே இரண்டின் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒருவர் சவரிமுத்து. இன்னொன்று கைப்பேசி.

கைப்பேசி சமீபத்திய வரவு. போன மாதம் பி.எஃப். தாளில் ஒரு கையெழுத்து வாங்கப் பழைய கம்பெனிக்குப் போயிருந்தேன். நான் தேய்த்த நாற்காலியில் இப்போது ரம்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். பிரான்சிலிருந்து வந்திருந்த கடிதத்துக்கு மேலே போனைப் பிடித்தாள். எழுத்துகள் ஒரு நடுக்கம் நடுங்கி, தமிழாகி நின்றன. நான் இரண்டு வருடம் பஸ் ஏறிக் கற்றதை அது எச்சில் விழுங்கும் நேரத்தில் செய்துவிட்டது.

"இதையெல்லாமா சார் நீங்க மண்டையிலயே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். ஏளனமாகக் கேட்டிருந்தால் பதில் கொடுத்திருப்பேன். இரக்கத்தோடு கேட்டாள்.

"அப்ப நடந்ததெல்லாம் எழுதிக் குடுங்க சார். நம்ம மெர்ச்சன்டைசர் குரூப்ல போடறோம்."

எழுதுகிறேன். அந்தக் குரூப்பில் சவரிமுத்துவும் இருக்கிறார். படிப்பார். படிக்கட்டும்.

நான் பி.காம். திருப்பூரில் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். கம்பெனிக்கு முதல் பிரெஞ்சு ஆர்டர் வந்த அன்று முதலாளி ஆபீஸ் நடுவில் நின்று, "பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கேட்டார். நான் எழுந்தது ஃபேனுக்கு நேராக நாற்காலியை நகர்த்துவதற்காக. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். முதலாளிக்கு முன்னால் எழுந்துவிட்டு மறுபடி உட்காரும் வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை. ஆகவே இரண்டு வருடம், வாரத்தில் மூன்று மாலை, அவிநாசியிலிருந்து கோவைக்குப் போய் ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் பிரெஞ்சு படித்தேன். திருமணம் அந்தக் காரணத்தால் ஒரு வருடம் தள்ளிப்போனது. வந்த பெண்வீட்டார் எல்லாம் மாப்பிள்ளை பஸ்ஸில் இருக்கிறார் என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் கற்ற முதல் பிரெஞ்சுச் சொல் 'ஓஜூர்துய்'. 'இன்று' என்று அர்த்தம். வியாபாரக் கடிதம் அந்தச் சொல் இல்லாமல் ஓடாது. இன்று துணி வந்தது. இன்று சாயம் போட்டோம். இன்று அனுப்ப முடியவில்லை, மன்னிக்கவும். அந்தச் சொல்லின் நடுவே தலைக்கு மேல் ஒரு காற்புள்ளி தொங்கும். ஏன் என்று பேராசிரியரிடம் கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். அதோடு விட்டுவிட்டேன். கணக்கில்லாத கடிதங்களில் அந்தக் காற்புள்ளியை ஒழுங்காகத் தொங்கவிட்டேன். திருப்பூரில் என்னைவிட அழகாக அதைத் தொங்கவிடுபவர் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. மரியாதை கூடக்கூட ஆபத்தும் கூடும். சாதாரண நாளில் "குமாரசாமி, இங்க வாங்க" என்பார். கோபத்தில் "குமாரசாமீங்க, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களாங்க" என்பார். ஒரு கட்டிங் மாஸ்டரை வேலையை விட்டு எடுத்தபோது அவ்வளவு 'ங்க' போட்டார். அந்த ஆள் தனக்குச் சம்பளம் கூட்டுகிறார்கள் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். முதலாளி துணியைக் கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குழந்தைத் துணி கம்பெனிக்கு அதுதான் லேப் டெஸ்ட் என்பார். பிரெஞ்சு தெரியாது, இங்கிலீஷும் பாதிதான். அதை மறைத்ததும் இல்லை.

எங்கள் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், மதாம் கிளேர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். பச்சைக் குழந்தைகளுக்கான உடைகள் மட்டும் வாங்குவார். ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருவது, சாம்பிள் ரூமில் கூட உட்காருவது, தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வேண்டாம் என்று சமையல்காரருக்குச் சொல்வது, எல்லாம் நான். அவர் இருக்கும் நாட்களில் தையல் மிஷின் ஓட்டுபவர் முதல் செக்யூரிட்டி வரை என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டு வேலை செய்வேன்.

இந்த நிலையில் சவரிமுத்து வந்தார். தூத்துக்குடிப் பக்கம். கத்தோலிக்கக் குருவாகப் படிக்கப் போய், மூன்று வருடத்தில் செமினரியை விட்டு வந்து, கல்யாணம் செய்து, பிழைப்புக்குத் திருப்பூர் வந்தவர். எங்கள் பேக்கிங் ஹாலில் குவாலிட்டி செக்கர். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப். என்னை 'அண்ணாச்சி' என்பார். அதுவரைக்கும் எனக்கு அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை.

ஒரு நாள் குழந்தைச் சட்டை ஒன்றின் பிரஸ் பட்டனை இழுத்துப் பார்க்கும் சோதனை முடிந்து, அதை மதாமிடம் காட்ட சாம்பிள் ரூமுக்கு வந்தார். மதாம் அப்ரூவல் அட்டையில் தேதி போட்டுக்கொண்டே தனக்குத் தானே, "ஓஜூர்துய்..." என்றார். சவரிமுத்து சிரித்தார்.

"என்னங்க சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அம்மா சொன்ன வார்த்தைக்குள்ள லத்தீன் கெடக்கு. அதான்."

"கெடந்துட்டுப் போகட்டுங்க. பட்டனக் காட்டுங்க."

மதாம் பேனாவை வைத்துவிட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். விளக்கச் சொல்லுங்கள் என்றார்.

"லத்தீன்ல 'ஓக்'னா இந்த. 'தியே'ன்னா நாள்ல. ரெண்டும் ஒட்டி 'ஓதியே'. இன்னைக்குன்னு அர்த்தம். செமினரில தெனமும் ஜெபத்துல சொல்லுவோம் அண்ணாச்சி. பிரான்ஸ்காரங்க வாயில அது தேஞ்சு தேஞ்சு, 'உய்'னு ஒத்த மூச்சாப் போச்சு. அவ்வளவு சின்னதாச் சொன்னா யார் காதுல ஏறும்? அதனால முன்னால 'ஓ ஜூர் த'ன்னு ஒரு முட்டுக் குடுத்தாங்க. 'நாளில்'னு அர்த்தம். இப்ப மொத்தமாப் பாத்தா, 'இந்த நாள்லங்கிற நாள்ல'. ஒரே நாள ரெண்டு மட்டம் சொல்லுதாங்க. இதுல இன்னொரு கூத்து, அந்த 'ஜூர்' இருக்கே, அதுவும் 'தியே' வீட்டுப் பிள்ளதான். 'தியூர்னும்'னு ஒரு லத்தீன் சொல்லுலேந்து வந்தது. எங்களுக்குச் சொல்லிக்குடுத்த சாமியார் பிரான்ஸ்ல படிச்சவரு. அவரு சொன்னது."

நான் மதாமிடம், "லத்தீனிலிருந்து வந்த சொல் என்கிறார்" என்றேன்.

மதாம் என்னைப் பார்த்தார். "அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் நான்கு சொல்லில் முடித்துவிட்டீர்கள். மீதி எங்கே?"

மீதியையும் சொன்னேன். என் வாயால், நான் கோவைக்குப் போய்க் கற்ற பிரெஞ்சில், அடுத்தவன் கெட்டிக்காரத்தனத்தை ஒரு துளி சிந்தாமல் கொண்டுபோய் ஊற்றினேன். மதாம் கை தட்டவில்லை. அதற்குப் பதில் அட்டையில் தான் போட்ட தேதியையே உற்றுப் பார்த்தார். அது இன்னும் மோசம். பிறகு, "ஐம்பது வருடமாகத் தினமும் சொல்கிறேன். யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை" என்றார்.

"நம்ம நடு சென்டர்னு சொல்லுதோம்லா, அந்த மாதிரின்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் சவரிமுத்து. அதையும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு 'மிஸ்யூ சவரி'யும் வந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. அவர்கள் இருவரும் பேசுவார்கள். நடுவில் நான் மொழிபெயர்ப்பேன். அவர்கள் தட்டு காலியாகும். என் தட்டில் சோறு காய்ந்து அப்பளம் மாதிரி நிற்கும்.

அந்த ஞாயிறு கோவைக்குப் போனேன். பேராசிரியர் வீட்டுப் பெரிய அகராதியை இறக்கி, தரையில் உட்கார்ந்து தேடினேன். சவரிமுத்து எங்காவது தவறாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் வேண்டுதல். ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஆனால் எனக்கென்று ஒன்று கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இப்போது ஓஜூர்துய்யும் போதவில்லையாம். 'ஓ ஜூர் தோஜூர்துய்' என்று, அதன் முன்னால் இன்னொரு 'நாளில்' சேர்த்துப் பேசுகிறார்களாம். மூன்றாவது இன்று. இலக்கணக்காரர்களுக்கு அது பிடிக்காதாம். திங்கட்கிழமை காரில் ஏறியதும் மதாமிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"இதுவும் மிஸ்யூ சவரி சொன்னதா?" என்றார்.

ஆமாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இல்லை என்றுதான் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

இதெல்லாம் சிரிக்கத்தக்க விஷயம். அடுத்த வருடம் நடந்தது அப்படியல்ல.

குழந்தைத் துணி தைக்கும் கம்பெனிகளில் ஊசிக்கு ஒரு சட்டம் உண்டு. மிஷினில் ஊசி உடைந்தால் தையல்காரர் கையைத் தூக்கிவிட்டு எழுந்துவிட வேண்டும். உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியவை சேர்ந்து ஒரு முழு ஊசியாக இருந்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்திலிருந்த துணி எல்லாவற்றையும் நீடில் டிடெக்டரில், அதாவது ஊசித் துண்டு இருந்தால் கத்தும் மிஷினில், மறுபடி விட வேண்டும். நோட்டில் ஒவ்வோர் ஊசிக்கும் எதிரே கட்டங்கள் இருக்கும்: உடைந்த நேரம், மிஷின் எண், தெரிவிக்கப்பட்டவர்.

அன்று மதாம் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருந்தார். காலையில் கழுத்து லேபிளில் ஒரு வரி மாற்றச் சொன்னார். சரக்கு முழுவதும் டிடெக்டர் தாண்டி பேக்கிங் ஹாலுக்கு வந்துவிட்டது. கண்டெய்னர் வாசலில் நின்றது. நாங்கள் திருப்பூர்க்காரர்கள் செய்வதைச் செய்தோம். மூன்று மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து பேக்கிங் ஹாலிலேயே போட்டு, லேபிளைப் பிரித்துத் தைத்து, நேராகப் பெட்டியில் வைத்தோம். டிடெக்டர் அந்தப் பக்கம் இருந்தது. துணி இந்தப் பக்கம் இருந்தது. அந்த ஆர்டருக்கு நானே பொறுப்பு; யோசனையும் என்னுடையது.

பதினொன்றரை மணிக்கு நானும் மதாமும் மீட்டிங் ரூமில் அடுத்த சீசன் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்து சவரிமுத்து தலையை நீட்டினார். மதாம் உடனே நாற்காலியைத் திருப்பி, "ஆ, மிஸ்யூ சவரி" என்றார். ஒரு வருடமாக அந்த 'ஆ'வை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கதவருகில் நின்றேன்.

"அண்ணாச்சி, ரெண்டாம் மிஷின்ல ஊசி ஒடஞ்சிருக்கு. முனை கெடைக்கல. லோடிங்க நிறுத்தணும், நீங்க ஒரு சிலிப் குடுத்தா..."

"அப்பறம் பாக்கலாங்க."

"பெட்டிய ஏத்திக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி."

"மதாம் வேலையா இருக்கறாங்க. அப்பறம்னு சொன்னனில்லீங்க."

கதவைச் சாத்தினேன். ஊசி என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அவர் உள்ளே வந்தால் பேச்சு லத்தீனுக்குப் போகும், நான் மறுபடி குழாயாகிவிடுவேன் என்பதுதான் மனதில் இருந்தது. சவரிமுத்து மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் துண்டித்தேன். முதலாளி அன்று காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்; பந்தியில் உட்கார்ந்தால் போனைக் காரிலேயே விட்டுவிடுவார். லோடிங் ஆட்கள் என் சிலிப் இல்லாமல் நிறுத்த மறுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்குக் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. மாலை மதாமும் ஊருக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை முதலாளி வழக்கம்போல் ஊசி நோட்டைப் பிரித்தார். டேப்புக்கு அடியில் இரண்டு துண்டுகள். கீழே இருக்க வேண்டிய இடம் காலி.

"முனை எங்கீங்க?" என்றார்.

'தெரிவிக்கப்பட்டவர்' கட்டமும் காலியாக இருந்தது.

கண்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழையவில்லை. வெளியே யார்டில் நின்றது. திருப்பி வரவழைத்தோம். ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக டிடெக்டரில் விட்டோம். முதலாளி பக்கத்தில் நாற்காலிகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் நாள் மதியம் டிடெக்டர் கத்தியது. மஞ்சள் வாத்துப் போட்ட சட்டை. முனை கழுத்து லேபிளின் மடிப்புக்குள் இருந்தது. சவரிமுத்து சாமணத்தால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். அரிசி நொய்யைவிடச் சின்னது. முதலாளி அந்தச் சட்டையை எடுத்தார். வழக்கம்போல் கன்னத்துக்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, கீழே வைத்துவிட்டார்.

"மதாமுக்கு நடந்தத எழுதுங்க" என்றார் என்னிடம். "எப்ப ஒடஞ்சுது, யாரு பாத்தாங்க, யாருக்குச் சொன்னாங்க. யாரு நிறுத்தாம உட்டாங்களோ, அவங்க இனி நம்மகிட்ட வேண்டாமுங்க." பிறகு திரும்பி, "சவரிங்க, நீங்க யாருகிட்டச் சொன்னீங்க?"

"சொல்லத்தான் ஐயா மேல போனேன். கதவு சாத்தியிருந்துச்சு."

அதில் பொய் இல்லை. சாத்தியது யார் என்பது மட்டும் இல்லை.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன். "ஏனுங்க, அந்தக் கட்டத்துல என் பேர எழுத வேண்டியதுதானுங்களே?"

"எழுதல அண்ணாச்சி. நீங்களே நெரப்பிக்கிடுங்க. மதாம் அம்மா பக்கத்துல உக்காந்திருந்திய, என்ன நெருக்கடியோ. எனக்கென்ன தெரியும்."

இரண்டு பெண் குழந்தைகளை அந்த ஜூனில்தான் இங்கே பள்ளியில் சேர்த்திருந்தார். வேலை போனால் அவர் போக வேண்டிய தூரம் எனக்குத் தெரியும். இருந்தும் என்மேல் பழி போட மாட்டேன் என்கிறார். லத்தீனை மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மன்னிக்க முடியாது என்று தோன்றியது. பொறாமை எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கு எல்லை இருக்கிறதென்று நினைப்பவர்கள் அதைச் சரியாகப் பயிலாதவர்கள்.

அறைக்குப் போய் அறிக்கையை டைப் செய்தேன். 'ஊசி உடைந்த செய்தியை பேக்கிங் செக்கர் சவரிமுத்து உரிய நேரத்தில் எவரிடமும் தெரிவிக்கவில்லை.' பிரெஞ்சில் அந்த வாக்கியம் அழகாக வந்திருந்தது. கம்பெனியில் அதைப் படிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். மதாமுக்கு, நடந்ததைப் பார்த்திருந்தாலும், கதவருகில் பேசிய தமிழ் புரிந்திருக்காது.

பிரெஞ்சுக் கடிதத்தில் முதலாளி சும்மா கையெழுத்துப் போட மாட்டார். எதிரில் நின்று, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து, தமிழில் சொல்ல வேண்டும். விரல் நகர நகர அவர் தலையை ஆட்டுவார். கடைசி வரியில் பேனாவைத் திறப்பார். அன்றும் அப்படியே நின்றேன். மேசைமேல் ஊசி நோட்டு விரித்துக் கிடந்தது. இப்போது முனையும் ஒட்டி, ஊசி முழுதாக இருந்தது. சவரிமுத்து கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் வரி, சம்பிரதாய வணக்கம். இரண்டாம் வரி, ஊசி உடைந்த நேரம். மூன்றாம் வரியில் விரலை வைத்தேன். சவரிமுத்து நிற்கும்போதே, அவர் பெயரைத் தமிழில் சொல்லி அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். நான் யோசித்துத்தான் வந்திருந்தேன். வாய் வரவில்லை.

"பதினொன்றரைக்கு சவரிமுத்து வந்து குமாரசாமியிடம் சொன்னார்" என்றேன். "குமாரசாமி அப்புறம் பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினார். மூன்று முறை போன் வந்தது. எடுக்கவில்லை. டிடெக்டர் தாண்டி மிஷின் போடச் சொன்னதும் குமாரசாமி."

முதலாளி தலையை ஆட்டவில்லை. பேனாவையும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்.

"இத்தன சொன்னீங்க. வெரல் மூணாவது வரியிலயே நிக்குதுங்களே."

விரலை எடுத்தேன்.

"அந்தப் பேப்பர்ல என்னமோ வேற இருக்குதாட்ட இருக்குது. அது எனக்கு வேண்டாமுங்க. இப்ப வாயில சொன்னத அப்படியே அடிச்சுட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

அடித்துக்கொண்டு வந்தேன். போட்டார். நான் மேசை டிராயரில் இருந்த என் சாமான்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை மூடினார்.

"இதுக்கு மதாம் பதில் போடுவாங்கல்லீங்க?"

"போடுவாங்க."

"அதப் படிக்கறதுக்கு நம்மகிட்ட வேற யாருங்க இருக்கறா?"

என்னை வேலையில் வைத்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை.

நான்கு நாளில் பதில் வந்தது. முதலாளி எதிரே நின்றேன், சவரிமுத்துவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பது வரிக் கடிதம். அதில் நான்கு இடத்தில் சவரிமுத்துவின் பெயர். ஒரு குழந்தையின் கழுத்தை அவர் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் இனி ஒரு பெட்டியும் கம்பெனியை விட்டு வெளியேறக் கூடாது என்று எழுதியிருந்தது. அவரைப் பற்றி ஒரு சொல் போட்டிருந்தார் மதாம். தமிழில் அதைக் 'கவனமானவர்' என்றும் சொல்லலாம், 'நம்பத் தகுந்தவர்' என்றும் சொல்லலாம். இரண்டும் தப்பில்லை, ஆனால் ஒன்று சிறியது, ஒன்று பெரியது. 'நம்பத் தகுந்தவர்' என்று பெரியதையே சொன்னேன். சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றுவரை பிடிக்கவில்லை.

கடிதத்தில் என் பெயர் இல்லை. கடைசி வரிக்கு முன்னால், 'குமாரசாமி உண்மையைச் சொன்னதற்கும் நன்றி' என்று நானாக ஒரு வரி சேர்த்துப் படிக்க வசதியாக இடம் இருந்தது. அப்படி ஒரு வரி அங்கே இருந்திருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது. எழுதப்பட்டிருந்ததை மட்டும் படித்து முடித்து, கடிதத்தை மேசையில் வைத்தேன்.